மிச்சத் துண்டும் ஒரு வடிவம்தான்

வடிவம் என்றால் என்ன என்பதை ஓவிய வகுப்பில் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இந்தத் தவணையில் ஒரு வழி கைகூடியிருக்கிறது. எதை என்ன அளவில் வெட்டினோம், எது சரிவரவில்லை, எவ்வளவு செலவானது என்பதையெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். சித்திரம் படிப்பிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

இடம் கொழும்பு வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் சிறிய மண்டபம். சனிக்கிழமைக் காலை வகுப்பு. தரம் 6 முதல் 8 வரை 22 பிள்ளைகள். நீள மேசைகள், வெள்ளை பிளாஸ்ரிக் கதிரைகள், தலைக்கு மேலே மூன்று மின்விசிறிகள்.

முதலில் எல்லோரும் தொடங்கும் இடத்திலேயே நானும் தொடங்கினேன். வெண்பலகையில் வட்டம், சதுரம், முக்கோணம். பிறகு இலை, மேகம், கூழாங்கல் போன்ற ஒழுங்கற்ற வடிவங்கள். இவற்றை வைத்து ஒரு படம் போடுங்கள் என்றதும் அடிமட்டமும் கவராயமும் வெளியே வந்துவிட்டன. முக்கோணக் கூரை போட்ட வீடு, வட்டச் சூரியன், இரண்டு மலை. கோடு கறுப்பாக, உள்ளே நிறம் அழகாக, சுற்றிவர வெள்ளைக் கடதாசி. ஒரு பிள்ளையின் தாளில் வீட்டுக்கும் மலைக்கும் நடுவே இருந்த வெள்ளைப் பகுதியைக் காட்டி, இது என்ன வடிவம் என்று கேட்டேன். "அது வடிவம் இல்லை ரீச்சர், சும்மா இடம்" என்றாள்.

சரி, வேலை எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிட்டது. வட்டம், சதுரம் எல்லாம் அவர்களுக்குக் கணிதப் பாடத்திலேயே தெரியும். பொருளுக்கு மட்டும்தான் வடிவம் உண்டு, அதைச் சுற்றியுள்ள இடத்துக்குக் கிடையாது என்ற எண்ணத்தை மாற்ற வேண்டும். அந்த இடத்துக்கும் விளிம்பு இருக்கிறது, அதுவும் படத்தில் பாதி. இதை வாயால் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள், மறுபடியும் மலை வரைந்தார்கள். ஆகவே பென்சிலை வாங்கி வைத்துவிட்டுக் கைவேலையில் இறங்கினோம்.

தொடங்கியது பழைய பத்திரிகைத் தாளில். கத்தரிக்கோல் இல்லை, விரல்தான். கோடு போடாமல் ஒரு மீனைக் கிழி, ஒரு குடத்தைக் கிழி என்றேன். பத்திரிகைத் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஓரளவு நேராக வரும். குறுக்கே கிழித்தால் தாறுமாறாகப் போகும். நார் ஓடும் திசைதான் காரணம். பிள்ளைகள் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்து, மீனின் முதுகை நெடுக்காகவும் வாலைக் குறுக்காகவும் வைத்துக் கிழிக்கத் தொடங்கினார்கள். கோட்டைப் பின்தொடர்ந்து வெட்டும் பழக்கத்தை விட இது நல்ல வழி. விரல் ஒரே நேரத்தில் விளிம்பையும் முழு உருவத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. செலவு ஒரு சதமும் இல்லை.

அடுத்து இலைகள். அரச இலை, ஈரப்பலா இலை, பப்பாசி இலை என்று அவரவர் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். கொழும்பில் மரம் எங்கே என்று சில பெற்றோர் கேட்டார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஓர் இலையோடு வந்தார்கள். இலையை மேசையில் வைத்து, பார்த்துப் பார்த்துக் கடதாசியில் வெட்ட வேண்டும். மேலே வைத்துச் சுற்றிக் கோடு இழுக்கக் கூடாது.

இங்கேதான் கத்தரிக்கோல் பாடம் தேவைப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலை வளைக்கிறார்கள். வளைவு முழுவதும் மூலை மூலையாக உடைகிறது. கத்தரிக்கோல் பிடித்த கை நிற்க வேண்டும், தாள் பிடித்த கை திரும்ப வேண்டும். கத்தரிக்கோலை முழுவதும் மூடாமல் முக்கால்வாசி வெட்டி மறுபடி திறந்தால் விளிம்பு துண்டு துண்டாக வராது. பப்பாசி இலையின் உள்மடிப்புகளுக்கு ஒரே வெட்டில் போய் வர முடியாது. இரண்டு பக்கமிருந்தும் உள்ளே வெட்டி ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும்.

இடக்கைப் பிள்ளைகள் இரண்டு பேர். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையால் பிடித்தால் அலகுகள் ஒன்றோடொன்று உரசாமல் விலகி, தாள் நடுவே மடிந்து சிக்கிக்கொள்ளும். பிள்ளைக்குக் கை வராது என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். பிழை கருவியில்தான் இருக்கிறது. இடக்கைக் கத்தரிக்கோல் எனக்குக் கடைகளில் அகப்படவில்லை. நடு ஆணியைத் திருகாணிச் சாவியால் சற்று இறுக்கி, பெருவிரலால் கைப்பிடியை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல இழுக்கச் சொன்னேன். வேலை நடந்தது.

இலை வெட்டும்போதுதான் பாடம் தானாகத் திரும்பியது. வெட்டிய இலைகளைச் சேகரித்துவிட்டு மிச்சத்தைக் குப்பைக் கூடையில் போடப் போனார்கள். நிறுத்தி, அந்த ஓட்டைத் தாள்களை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைக்கச் சொன்னேன். கடும் நீலத் தாளின் நடுவே வெள்ளை இலை வந்து நின்றது. அதே இலை, அதே விளிம்பு, ஆனால் அங்கே இலை என்று எதுவும் ஒட்டப்படவில்லை. ஒரு பையன் தான் வெட்டிய இலையை அந்த ஓட்டையில் மறுபடி பொருத்திப் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு விளிம்பு இரண்டு வடிவங்களுக்குச் சொந்தம் என்பதை அவன் கை புரிந்துகொண்டுவிட்டது.

அந்த உற்சாகத்திலேயே இன்னொன்றும் செய்தோம். ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்பை நோக்கிப் பார்க்கும் ஒரு முகத்தின் பக்கத் தோற்றத்தை நெற்றியிலிருந்து கழுத்துவரை வெட்டி, மடிப்புப் பக்கத் துண்டை விரித்தால் ஒரு பூச்சாடி வரும். மிஞ்சிய இரண்டு துண்டுகளையும் அதன் இரு பக்கமும் வைத்தால் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு முகம். எட்கர் ரூபின் என்ற டென்மார்க் உளவியலாளர் 1915இல் எழுதிய ஆய்வால் பிரபலமான படம் இது. பார்ப்பதைவிட வெட்டிச் செய்யும்போது இன்னும் ஆழமாகப் பதிகிறது. மூக்கை மடிப்புவரை நீட்டிவிட்டால் சாடி நடுவில் அறுந்துவிடும். மடிப்பிலிருந்து குறைந்தது 1.5 செ.மீ விட வேண்டும்.

இதற்குப் பிறகுதான் கதிரைக்குப் போனோம். மண்டபத்திலுள்ள பிளாஸ்ரிக் கதிரையின் முதுகில் நீள நீளமான துளைகள் உண்டு. கால்களுக்கு நடுவிலும், கைப்பிடிக்குக் கீழேயும் நல்ல இடைவெளிகள். கதிரையை வெட்டக் கூடாது, இடைவெளிகளை மட்டும் வெட்டி ஒட்ட வேண்டும் என்பது விதி.

முதல் முயற்சியில் முதுகுத் துளைகளும் கால் இடைவெளியும் சரியாக வந்தன. வெளிப்பக்கத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கதிரைக்கு வெளியே இருக்கும் இடம் சுவர்வரை போகிறதே, அதற்கு எங்கே விளிம்பு? கேள்வி நியாயமானது. சட்டம் இல்லாமல் வெளியிடத்துக்கு வடிவம் கிடையாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பார்வைச் சட்டம், அதாவது ஊடாகப் பார்க்க நடுவே சாளரம் வெட்டிய அட்டை, செய்தோம்.

இந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், மிகவும் உதவியது. கறுப்பு பிரிஸ்டல் போர்டில் 15 செ.மீ அகலம், 17.9 செ.மீ உயரம். நடுவில் 7 செ.மீ × 9.9 செ.மீ சாளரம். நான்கு பக்கமும் 4 செ.மீ விளிம்பு. ஏன் 7 × 9.9? அதை மூன்றால் பெருக்கினால் 21 × 29.7, அதாவது சரியாக ஏ4 தாள். சாளரத்தில் 2 செ.மீ தெரிந்தால் தாளில் 6 செ.மீ. தரம் 6 பிள்ளைகூட மனக்கணக்காகச் செய்துவிடும். நான் வாங்கிய போர்ட் 56 × 71 செ.மீ. ஒன்றில் 12 சட்டங்கள் வரும்.

சட்டத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பது சரிவரவில்லை. கை ஆடுகிறது, ஒரு கண்ணை மூடித் திறந்ததும் கதிரை இடம் மாறிவிடுகிறது. தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தலில் சட்டத்தை ஒட்டுநாடாவால் நிமிர்த்தி ஒட்டினோம். பழைய பிளாஸ்ரிக் கோப்பு உறைகளைச் சாளரத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிப் பின்னால் ஒட்டி, அதன் மேலேயே மார்க்கரால் இடைவெளிகளைச் சுற்றி வரையச் சொன்னேன். பென்சிலைப் பறித்தவரே மார்க்கர் கொடுக்கலாமா என்று ஒரு தாயார் கேட்டார். இங்கே வரைவது பார்த்ததைப் பதிவு செய்ய மட்டும்தான். அந்தத் தெளிந்த உறையை எடுத்து மேசையில் வைத்து, மூன்று மடங்காக அளந்து, நீலத் தாளில் வெட்டினார்கள்.

கிடைத்த கதிரைகளைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். வழக்கமாகக் கதிரை வரையச் சொன்னால் நான்கு கால்களும் ஒரே நீளமாக, இருக்கை மேலிருந்து பார்த்ததுபோல வரும். கதிரை எப்படி இருக்கும் என்று தெரிந்ததை வரைவதால் வரும் கோளாறு அது. இடைவெளிக்கு அப்படிப்பட்ட பெயரோ முன்அறிவோ இல்லாததால், கண் கண்டதை மட்டும்தான் வெட்ட முடிகிறது. பின்கால்கள் குட்டையாக, இருக்கை சரிந்து, எல்லாம் சரியான கோணத்தில் வெள்ளையாக வந்து நின்றன. கதிரையை யாரும் ஒட்டவேயில்லை.

நீலத் தாள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் கலியாண அழைப்பிதழ் அடிக்கும் ஓர் அச்சகத்தில் வெட்டுத் துண்டுகள் கேட்டேன். ஒரு மூட்டையே தந்தார்கள், காசு வாங்கவில்லை. நீலம், அரக்கு, பச்சை என்று கனமான, இரண்டு பக்கமும் நிறமுள்ள தாள்கள். கொழும்பில் அச்சகங்களுக்குப் பஞ்சமில்லை. கேட்காமல் இருப்பதுதான் நட்டம்.

பசை விடயத்தில் முதலில் பைண்டர் கம் எடுத்தோம். மலிவு, நன்றாக ஒட்டும். ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரம் காய நேரமெடுக்கிறது, மெல்லிய தாள் சுருங்கி அலையலையாகிவிடுகிறது. வடிவத்தின் விளிம்பு தட்டையாக இல்லாவிட்டால் இந்தப் பாடமே கெட்டுப்போகும். குச்சிப் பசைக்கு மாறினோம். நடுவில் பூசாமல் ஓரத்தில் மட்டும் பூசுங்கள் என்று தொடர்ந்து சொல்ல வேண்டியிருந்தது.

மின்விசிறி அடுத்த தலையிடி. ஒட்டுவதற்கு முன் துண்டுகளை நகர்த்தி நகர்த்தி இடம் பார்ப்பதுதான் முக்கியமான கட்டம். அதே நேரத்தில்தான் எல்லாம் பறக்கும். விசிறியை நிறுத்தினால் பிள்ளைகள் வியர்த்துக் களைத்துவிடுகிறார்கள். சப்பாத்துப் பெட்டி மூடிகள் வழி காட்டின. மூடிக்குள் தாளை வைத்து அடுக்கினால் விளிம்புச் சுவர் காற்றைத் தடுக்கிறது. ஏ4 தாள் முழுதாகக் கொள்ளாது. ஆனால் அடுத்த வேலையில் அரைத் தாள் அளவுக்குள் ஒத்திகை பார்க்க அது போதும்.

அடுத்த வேலை, சதுரத்தை விரிப்பது. ஜப்பானியர் நோடான் என்று சொல்லும் ஒளி–இருள் அமைப்பைக் கற்பிக்கப் பரவலாகச் செய்யப்படும் பயிற்சி. வெள்ளை ஏ4 தாளின் நடுவில் 10 செ.மீ கறுப்புச் சதுரம். சதுரத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு வடிவத்தை வெட்டி எடுத்து, அந்த விளிம்பையே கீல் போல வைத்து வெளியே புரட்டி ஒட்ட வேண்டும். உள்ளே வெள்ளையாக ஒரு பாதி, வெளியே கறுப்பாக அதன் மறுபாதி. எந்தத் துண்டையும் வீசக் கூடாது, எதையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது.

இதற்கு வாங்கிய முதல் தாள் பளபளப்பான கறுப்புத் தாள். புரட்டினால் பின்பக்கம் வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளைத் துண்டு, ஒன்றும் தெரியவில்லை. இரு பக்கமும் கறுப்பான பிரிஸ்டல் போர்டுக்குப் போனோம். கனமாக இருப்பதால் கூரான உள்மூலைகளுக்குக் கத்தரிக்கோல் நுனி கூர்மையாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நான்கு பக்கமிருந்தும் வெட்டும்போது நடுவில் வெட்டுகள் மோதி, சதுரம் துண்டாகிவிடுவது. சதுரத்தின் பின்புறம் மூலைவிட்டங்கள் இரண்டையும் பென்சிலால் மெல்லிதாகப் போட்டோம். ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு முக்கோணம். அதைத் தாண்டக் கூடாது. அப்போது எந்த வெட்டும் 5 செ.மீக்கு மேல் ஆழம் போகாது. தாள் 21 செ.மீ அகலம், சதுரத்தின் இரு பக்கமும் 5.5 செ.மீ வெள்ளை இருக்கிறது. புரட்டிய துண்டு தாளுக்கு வெளியே போகவே முடியாது. அளவுகள் இப்படி ஒன்றோடொன்று பொருந்தி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒழுங்கு ஒன்று கட்டாயம்: ஒரு வெட்டு, ஒரு புரட்டு, ஒட்டு, பிறகுதான் அடுத்த வெட்டு. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பிறகு ஒட்டலாம் என்று போன பிள்ளைகளுக்கு எந்தத் துண்டு எந்த ஓட்டைக்குரியது என்று தேடுவதிலேயே நேரம் போனது. தென்னங்குருத்துத் தோரணம் பின்னத் தெரிந்த ஒரு பிள்ளை, வெட்டியதைப் புரட்டும் பழக்கம் கையில் இருந்ததாலோ என்னவோ, எல்லோருக்கும் முன்னே முடித்துவிட்டு அடுத்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தாள். புரட்டிய துண்டுக்குள்ளேயே இன்னொரு சிறிய வடிவத்தை வெட்டி மறுபடி உள்ளே புரட்டலாம் என்று கண்டுபிடித்ததும் அவள்தான்.

இடையில் பெற்றோரோடு சேர்ந்து வெளியே போய்ப் பார்த்தவை பற்றிக் கொஞ்சம். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1909இல் கட்டி முடிக்கப்பட்டது, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் சுவர். சிவப்பின் மேல் வெள்ளையா, வெள்ளையின் மேல் சிவப்பா என்று தெருவில் நின்றே பிள்ளைகள் வாதாடினார்கள். பொரளை கோதமி விகாரையில் இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939–40இல் வரைந்த சுவரோவியங்களையும் பார்த்தோம். அங்கே பிள்ளைகளை உருவங்களை விட்டுவிட்டு, கைக்கும் இடுப்புக்கும் நடுவே, ஒரு தலைக்கும் மறு தலைக்கும் நடுவே உள்ள இடங்களை விரலால் காற்றில் வரையச் சொன்னேன். கீற் சேர்ந்திருந்த 43 குழு என்ற நவீன ஓவியர் குழுவைப் பற்றி நீண்ட விரிவுரை கொடுக்காமலே, அந்தச் சுவருக்கு முன்னே அமைதியாக நிறைய நேரம் நின்றார்கள். தவணைக்கு ஒரு முறையாவது இப்படி அசல் படத்தின் முன்னே பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசி வேலை தரையில். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941இல் பெரிய சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர். கடைசி ஆண்டுகளில் தூரிகையைவிடக் கத்தரிக்கோலைத்தான் அதிகம் நம்பினார். உதவியாளர்கள் நிறம் பூசிக் கொடுத்த தாள்களை வெட்டி ஒட்டினார். 1953இல் செய்த 'நத்தை' அப்படிப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 2.87 மீற்றர். கைபேசியில் பார்த்தால் அந்த அளவு புரியாது. அதனால் மண்டபத் தரையில் அதே அளவுச் சதுரத்தை வெண்கட்டியால் போட்டோம். பக்கங்களை அளந்தால் மட்டும் போதாது, சதுரம் சாய்ந்துவிடும். இரண்டு மூலைவிட்டங்களும் 4.06 மீற்றர் வருகிறதா என்று நாடாவைக் குறுக்கே பிடித்துப் பார்க்க வேண்டும். 22 பிள்ளைகளும் உள்ளே ஏறி நின்றார்கள், இன்னும் இடம் இருந்தது.

ஆளுக்கு ஒரு முழுப் பத்திரிகைத் தாள், ஒரே ஒரு வடிவம், கோடு போடாமல். ஒவ்வொருவராக வைத்தார்கள். துண்டை வைத்தவரைத் தவிர மற்றவர்கள் கதிரையில் ஏறி மேலிருந்து பார்த்து, எங்கே நகர்த்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். கதிரைகளைப் பெரிய பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பறக்காமல் இருக்க அதே தண்ணீர்ப் போத்தல்கள்.

"உன்னுடையதைக் கொஞ்சம் தள்ளு, நடுவில் உள்ள இடம் ஊசி மாதிரிக் குத்துது" என்று ஒருத்தி கத்தினாள். தொடக்கத்தில் சும்மா இடம் என்று சொன்ன அதே பிள்ளை. மற்றவன் தள்ளினான், இடைவெளி அகன்றது, பக்கத்துத் துண்டோடு நெருக்கமாகிவிட்டது, அதையும் நகர்த்தினார்கள். துண்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் இடைவெளிகளைப் பற்றித்தான்.

செலவுக் கணக்கு, நான் வாங்கிய விலையில்: கறுப்பு பிரிஸ்டல் போர்ட் 3, ஒன்று 130 ரூபாப்படி 390. இரண்டு போர்ட் சட்டங்களுக்கு, ஒன்று சதுரங்களுக்கு. அதில் 35 சதுரங்கள் வரும். குச்சிப் பசை 12, 120 ரூபாப்படி 1,440. கத்தரிக்கோல் 6, 280 ரூபாப்படி 1,680. மிச்சக் கத்தரிக்கோல்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. வெண்கட்டிப் பெட்டி 140. மொத்தம் 3,650 ரூபா. பளபளப்புத் தாள் வேறு செலவு. அதை நிறச் சேர்க்கை வகுப்புக்கு எடுத்து வைத்திருக்கிறேன். போர்டும் பசையும் புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் வாங்கினேன். வெள்ளவத்தையில் வாங்கினால் கொஞ்சம் கூட.

அடுத்த முறை வெண்பலகைப் பாடத்தை முற்றாக விட்டுவிட்டு, முதல் நாளே பத்திரிகைத் தாளைக் கையில் கொடுப்பேன். பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கதிரை வேலைக்கு ஒரு காலை போதவில்லை. அளப்பதை ஒரு நாளும் வெட்டுவதை அடுத்த நாளுமாகப் பிரிப்பேன். தெளிந்த உறையில் பிள்ளையின் பெயரை எழுதி வைக்க வேண்டும், எல்லாம் ஒன்றாகிவிட்டன. ஒவ்வொருவருக்கும் மிச்சத் துண்டுகளுக்கென்று ஒரு கடித உறை கொடுக்க வேண்டும். நிறம் கடைசிவரை ஒன்றே ஒன்று. அரக்கையும் பச்சையையும் கலந்து கொடுத்த மேசையில் பிள்ளைகள் நிறத்தில் மயங்கி விளிம்பை மறந்துவிட்டார்கள்.

தட்டையான வடிவத்திலிருந்து கன உருவத்துக்குப் போக வெசாக் கூட்டை, அதாவது வெசாக் பண்டிகைக்கு மூங்கிலில் தாள் ஒட்டிக் கட்டும் விளக்கை, எடுத்துக்கொள்ளப் போகிறேன். மூங்கில் சதுரங்களை மூலையோடு மூலை கட்டினால் நடுவில் முக்கோண இடைவெளிகள் தாமாகவே விழுகின்றன, தாளை ஒட்டுவது அவற்றுக்கும் சேர்த்துத்தான். மூங்கில் ஈர்க்குக்கு 20 செ.மீ நீளம் போதுமா என்று முதலில் வீட்டில் ஒன்று கட்டிப் பார்க்க வேண்டும். 10 செ.மீ சதுரங்களை இனி நான் வீட்டிலிருந்து வெட்டத் தேவையில்லை. அச்சகத்து இயந்திரத்திலேயே ஒரே வெட்டில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், போர்டை மட்டும் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.